சிமுலேட்டரில் நேராகப் பறக்கும் விமானம் மைதானத்தில் நெளிகிறது: ஆட்டோபைலட் டியூனிங் குறித்த ஐயம்

காட்பாடிக் கழுகு:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஃபோம் விமானம் கட்டியிருக்கிறோம். இறக்கை விரிவு 1.6 மீட்டர், பேட்டரியோடு சேர்த்து எடை 1.9 கிலோ, அதைத் தானாகப் பறக்கவைக்கும் ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) ஆர்டுபைலட்டின் விமானப் பதிப்பான ஆர்டுபிளேன். காற்றுவேகத்தை அளக்கப் பிட்டாட் குழாய் பொருத்தியிருக்கிறோம். வழக்கமான வேகம் வினாடிக்கு 16 மீட்டர். எடுத்த எடுப்பில் பறக்கவிட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலில் கணினியில் எஸ்ஐடிஎல் (ஆட்டோபைலட்டைக் கணினியிலேயே ஓட்டும் முறை), ஜேஎஸ்பிசிம் (விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிடும் மென்பொருள்) இரண்டையும் இணைத்து, ராஸ்கல் 110 என்ற பெரிய மாதிரி விமானத்தின் கோப்பை எடுத்துக்கொண்டு, அதில் எடையையும் இறக்கைப் பரப்பையும் எங்கள் விமானத்துக்கு ஏற்ப மாற்றி, ஆட்டோபைலட்டின் எல்லா அளவுகளையும் அங்கேயே டியூன் செய்தோம் (பொருந்துமாறு சரிசெய்தோம்). திரையில் கோடு பிசகாமல் பறந்தது.

அதே அளவுகளை உண்மையான விமானத்தில் ஏற்றி, லத்தேரிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு பறக்கவிட்டபோது மூன்று கோளாறுகள் தெரிகின்றன. ஒரு வழிப்புள்ளியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது கோட்டின் இருபுறமும் மாறி மாறி நெளிகிறது. ஒரு முழு நெளிவுக்கு ஏறக்குறைய 9 வினாடி ஆகிறது. உயரம் 60 மீட்டர் என்று கொடுத்தால் 52-க்கும் 68-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. மோட்டாரும் அதற்கேற்ப அலறி அடங்குகிறது. இவை போதாதென்று, மேனுவல் தவிர வேறு எந்த மோடிலும் இறக்கை வினாடிக்கு மூன்று முறை படபடக்கிறது.

இவற்றில் எதை முதலில் சரிசெய்வது? எல்லா இடத்திலும் பி மதிப்பை (பிழைக்கு எவ்வளவு வலுவாகத் திருத்தம் செய்வது என்னும் பெருக்கியை) பாதியாகக் குறைத்தால் தீருமா? உயரம் ஏறி இறங்குவது ஃப்யூகாய்ட் என்னும் இயற்கையான அலைவு என்றும், அது எல்லா விமானத்துக்கும் உண்டு என்பதால் டியூனிங்கால் போகாது என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

ஆற்காட்டு வலவன்:

விடை சொல்லும் முன் சில விவரங்கள் வேண்டும். ராஸ்கல் கோப்பில் எடையை மாற்றியதாகச் சொல்கிறீர்கள்; ஐஎக்ஸ்எக்ஸ், ஐஒய்ஒய், ஐஇசட்இசட் என்ற மூன்று நிலைமத் திருப்புத்திறன் மதிப்புகளையும் (ஒவ்வோர் அச்சிலும் சுழல விமானம் எவ்வளவு தயங்குகிறது என்பதன் அளவு) மாற்றினீர்களா? ஏலெரான் முதலியவற்றை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் தாமதத்தைக் கோப்பில் சேர்த்தீர்களா? உண்மையான பறப்பின் லாகில் (பதிவுக் கோப்பில்), கேட்ட ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) கோணத்துக்கும் கிடைத்த ரோல் கோணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் பிந்துகிறது? உயரம் அலையும்போது த்ராட்டில் (மோட்டாருக்குக் கொடுக்கும் திறனின் அளவு) எங்கே போய் முட்டுகிறது?

காட்பாடிக் கழுகு:

விரைவான பதிலுக்கு நன்றி ஐயா. நிலைமத் திருப்புத்திறனையும் சர்வோ பகுதியையும் தொடவில்லை; ராஸ்கலில் இருந்தபடியே இருக்கின்றன. லாகில் ரோல் கோணம் 0.8 வினாடி பிந்துகிறது. ரோலின் டைம் கான்ஸ்டன்டை (கேட்ட கோணத்தை எவ்வளவு விரைவாக எட்ட வேண்டும் என்பதன் அளவை, வினாடியில்) சிமுலேட்டரில் 0.4 என்று வைத்திருந்தோம். மைதானத்தில் படபடப்பு அதிகமாக இருந்ததால் 0.8 ஆக உயர்த்தினோம், கொஞ்சம் அடங்கியது. பாதையைப் பிடிக்கும் எல்1 வழிமுறையின் பீரியட் (பாதைப் பிழைக்கு எவ்வளவு மெதுவாகத் திரும்புவது என்பதன் அளவு) சிமுலேட்டரில் வைத்த அதே 9. உயரத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் டெக்ஸில் டைம் கான்ஸ்டன்ட் 3. உச்ச ஏறுவேகம் வினாடிக்கு 8 மீட்டர். த்ராட்டில் ஒருமுறை சுழியத்தையும் அடுத்த முறை நூறு விழுக்காட்டையும் தொட்டுவிட்டு வருகிறது. உயர அலைவு ஒன்றுக்கு 11 வினாடி.

சேண்பாக்கத்தார்:

தம்பி, நீங்கள் மூன்று கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த வரையில் இவை ஒன்றரைக் கோளாறுதான். நெளிவும் படபடப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஆட்டோபைலட்டில் கட்டுப்பாட்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது சுழல்வேகத்தைப் பிடித்துவைக்கும் ரேட் லூப். அதற்கு வெளியே கோணத்தைப் பிடிக்கும் லூப். அதற்கும் வெளியே பாதையைப் பார்க்கும் எல்1, உயரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும் டெக்ஸ். வெளியே இருப்பது உள்ளே இருப்பதை நம்பித்தான் கட்டளையிடுகிறது. சிமுலேட்டரில் உங்கள் விமானத்தின் எடை குறைந்ததே ஒழிய, ராஸ்கலின் நிலைமத் திருப்புத்திறன் அப்படியே நின்றுவிட்டது. ராஸ்கலின் இறக்கை விரிவு 110 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.8 மீட்டர், நிலைமத் திருப்புத்திறன் நீளத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், எடை வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்காமலே மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. அவ்வளவு மந்தமான ஒரு பொருளைச் சுழற்றுவதற்கென்று நீங்கள் கண்டுபிடித்த பி மதிப்பை, சட்டெனச் சுழலும் ஃபோம் விமானத்தில் ஏற்றியதால் இறக்கை படபடக்கிறது. படபடப்பை மறைப்பதற்காக டைம் கான்ஸ்டன்டை உயர்த்தினீர்கள். அதனால் ரோல் பிந்தியது. ரோல் பிந்தியதால் எல்1 நெளிகிறது. ஒரே நூல்தான்.

கடைசிப் படியைக் கணக்காகவே பார்க்கலாம். ரோல் 0.8 வினாடி டைம் கான்ஸ்டன்டோடு பின்தொடர்கிறது என்றால், 9 வினாடி அலைவில் அது ஏறக்குறைய 30 டிகிரி கட்டப் பின்னடைவாகிறது (ஒரு முழு அலைவை 360 டிகிரி என்று கொண்டால்). எல்1-இல் டேம்பிங் 0.75 என்று எழுதியிருந்தாலும், அந்தத் தணிப்பின் பெரும்பகுதியை இந்தப் பின்னடைவே தின்றுவிடுகிறது. பீரியட் இயல்பாக இருக்கும் 17-இல் அதே 0.8 வினாடி 16, 17 டிகிரிக்கு மேல் போகாது. உங்கள் நெளிவின் நேரமும் நீங்கள் வைத்த பீரியடும் இரண்டுமே 9 என்று ஒத்துப்போவது தற்செயலன்று. முன்னே எவ்வளவு தொலைவைப் பார்த்து விமானம் திரும்ப வேண்டும் என்பதை ஆர்டுபைலட் டேம்பிங், பீரியட், தரைவேகம் மூன்றையும் பெருக்கிப் பையால் வகுத்துப் பெறுகிறது. உங்கள் வேகத்துக்குப் பீரியட் 17 என்றால் அது 65 மீட்டர். 9 என்றால் 34 மீட்டர்தான். மூக்குக்கு நேரே பார்த்துக்கொண்டு நடப்பவன் கால் தடுமாறுவது போன்றதுதான் இதுவும். 2004-இல் எம்ஐடியைச் சேர்ந்த பார்க், டெய்ஸ்ட், ஹவ் மூவரும் இந்த வழிமுறையை வெளியிட்டபோது, உள்ளே இருக்கும் ரோல் லூப் இதைவிட நன்றாக வேகமானது என்ற எதிர்பார்ப்பு அதன் அடியிலேயே இருந்தது.

ஆகவே எல்லாப் பி மதிப்பையும் பாதியாக்காதீர்கள். அப்படிச் செய்தால் எது எதைத் தீர்த்தது என்பதே தெரியாமல் போகும். எல்1 பீரியடை 20-க்கு ஏற்றி ஒதுக்கி வையுங்கள். எஃப்பிடபிள்யூஏ மோடில் (குச்சியால் கோணத்தைக் கேட்க, ஆட்டோபைலட் அதைப் பிடித்துவைக்கும் மோடு) பறந்தபடி ரோலின் ரேட் லூப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பியையும் டியையும் (பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் பெருக்கி) மிகச் சிறிதாக்கிவிட்டு, ஃபீட் ஃபார்வர்டை (பிழைக்குக் காத்திராமல், கேட்ட சுழல்வேகத்துக்கு ஏற்ப நேராகவே கட்டளை கொடுக்கும் அளவை) உயர்த்தி, லாகில் கேட்ட சுழல்வேகமும் கிடைத்த சுழல்வேகமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை பாருங்கள். அதன்பின் டியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, படபடப்பு தலைகாட்டும் இடத்தில் பாதிக்கு இறக்குங்கள். பிறகு பியையும் அவ்வாறே செய்யுங்கள். டைம் கான்ஸ்டன்டை 0.5-க்குக் கொண்டுவாருங்கள். அந்த 0.5-இன் பொருள் எளியது: 30 டிகிரி பிழை இருந்தால் வினாடிக்கு 60 டிகிரி சுழல்வேகம் கேட்கும். உங்கள் ஏலெரானால் (இறக்கையின் பின்விளிம்பில் ரோலை உண்டாக்கும் மடல்) அந்த வேகத்தைக் கொடுக்க முடிகிறதா என்பதை எஃப்பிடபிள்யூஏவில் குச்சியை முழுதாகத் தள்ளினாலே பார்த்துவிடலாம். பிட்ச் (மூக்கு ஏறி இறங்கும்) அச்சுக்கும் இதே வரிசைதான். எல்லாம் முடிந்தபின் பீரியடை ஒவ்வொன்றாகக் குறைத்து, நெளிவு தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மேலே நிறுத்துங்கள்.

இனி ஃப்யூகாய்ட். லான்செஸ்டர் 1908-லேயே விளக்கிவிட்ட அலைவு அது. உயரமும் வேகமும் மாறி மாறி ஒன்றுக்கொன்று கடன் கொடுத்துக்கொள்வதால் எழுவது. அதன் அலைவு நேரம் வினாடிகளில், வேகத்தை 0.45 ஆல் பெருக்கினால் வருவதற்குக் கிட்டத்தட்டச் சமம். உங்களுக்கு அது 7 வினாடிக்குச் சற்று மேல் வரும். நீங்கள் சொல்வதோ 11. அதைவிட முக்கியமானது, ஆட்டோபைலட் பிட்ச் கோணத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது ஃப்யூகாய்ட் ஏறக்குறைய இறந்துவிடும். அது உயிரோடு இருப்பதற்கு மூக்கு தானாக ஏறி இறங்க விடப்பட வேண்டும். ஐயம் இருந்தால் எஃப்பிடபிள்யூஏவில் த்ராட்டிலை ஒரே இடத்தில் வைத்துக் குச்சியை விட்டுவிடுங்கள். உயரம் மெல்ல நழுவலாம், ஆனால் அலையாது. அப்படியானால் குற்றவாளி டெக்ஸ்தான்.

டெக்ஸின் அடிப்படையை 1980-களின் தொடக்கத்தில் லாம்ப்ரெக்ட்ஸ் வகுத்தார். த்ராட்டில் மொத்த ஆற்றலைப் பார்த்துக்கொள்கிறது. வாலில் பிட்சை மாற்றும் மடலான எலிவேட்டர் அந்த ஆற்றலை உயரத்துக்கும் வேகத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. வினாடிக்கு 16 மீட்டரில் உங்கள் இயக்க ஆற்றல் 13 மீட்டர் உயரத்துக்குச் சமம். 18 மீட்டரில் 16.5 மீட்டருக்குச் சமம். வேகத்தில் 2 மீட்டர் பிசகினால் உயரக் கணக்கில் மூன்றரை மீட்டர் பிசகும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு விமானத்தால் எவ்வளவு ஏற முடியும், எவ்வளவு இறங்க முடியும் என்பது டெக்ஸுக்கு உண்மையாகத் தெரிந்திருக்க வேண்டும். உச்ச ஏறுவேகம் 8 என்று நீங்கள் எழுதிவைத்தது ராஸ்கலின் பெருமை. உங்கள் மோட்டார் 4 கொடுத்தாலே நல்லது. முடியாததைக் கேட்டு, த்ராட்டில் உச்சியில் முட்டி, பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டக்ரேட்டரில் அது குவிந்து, அது கரைவதற்குள் விமானம் உயரத்தைத் தாண்டிப் போகிறது. பேட்டரி பாதி இறங்கிய நிலையில் முழு த்ராட்டிலில் வேகம் குறையாமல் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, அதைவிடச் சற்றுக் குறைவாக எழுதுங்கள். மோட்டாரை நிறுத்தி அதே வேகத்தில் சறுக்கவிட்டு, குறைந்த இறங்குவேகத்தையும் அளந்து எழுதுங்கள். டைம் கான்ஸ்டன்டை 5-க்கே திருப்புங்கள். இவ்வளவும் செய்தபின்னும் அலைந்தால் த்ராட்டில் டேம்பிங்கைத் தொடலாம். அதற்கு முன் வேண்டாம்.

குடியாத்தம் குருவி:

ஐயாவின் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பாடு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆட்டோடியூன் மோடைப் போட்டு, குச்சியை இடமும் வலமும் முழுதாகத் தள்ளித் தள்ளி, ஒவ்வோர் அச்சுக்கும் இருபது முறை செய்தால் ரோலும் பிட்சும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொரு சிறிய கேள்வி. ஃப்ளைட்கியர் என்ற விமானச் சிமுலேட்டரின் சொந்த ஆட்டோபைலட் கோப்பில் நான் டியூன் செய்து வைத்திருக்கும் எண்களை ஆர்டுபைலட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

ஆற்காட்டு வலவன்:

சிறிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: எண்களைக் கொண்டுவர இயலாது. ஃப்ளைட்கியரில் கேபி, டிஐ, டிடி என்ற வடிவம். டிஐயும் டிடியும் வினாடியில் உள்ள நேரங்கள். ஆர்டுபைலட்டில் ஐயும் (குவிந்த பிழையைப் பார்க்கும் பெருக்கி) டியும் தனித்தனிப் பெருக்கிகள். கேபி 0.1, டிஐ 10 வினாடி என்றால் ஐயின் மதிப்பு 0.01 என்று மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் ஃப்ளைட்கியரில் பெரும்பாலும் கோணப் பிழையை நேராக ஏலெரானுக்கு அனுப்பியிருப்பீர்கள், இங்கே நடுவில் ஒரு ரேட் லூப் உட்கார்ந்திருக்கிறது. வரிசையைக் கொண்டுவாருங்கள், எண்ணை விட்டுவிடுங்கள்.

ஆட்டோடியூன் நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ரோல், பிட்ச் லூப்களோடு நின்றுவிடும்; எல்1-ஐயும் டெக்ஸையும் தொடாது. அதற்கும் மேலாக, அது இணைப்புக் கம்பியின் தளர்வை அறியாது. கழுகு அவர்கள் ஆட்டோடியூனுக்குப் போகும் முன் ஏலெரானைக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். சர்வோ அசையாமலே ஏலெரானின் பின்விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடினால், சர்வோ கையில் கம்பி மாட்டும் துளை தேய்ந்து அகன்றிருக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட தளர்வால் வரும் படபடப்பை எந்த எண்ணும் போக்காது. வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு: பியைக் குறைத்ததும் படபடப்பு முழுதாக அடங்கினால் அது பியின் மிகுதி, குறைக்கக் குறைக்க மெதுவாகி, ஆனால் நிற்காமல் சிறு வீச்சில் தொடர்ந்தால் அது தளர்வு.

சிமுலேட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இழையைப் படிப்பவர்கள் சிமுலேட்டரே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதில் இரண்டு இடங்களைச் சரிசெய்தால் போதும். ஒன்று, நிலைமத் திருப்புத்திறனை அளந்து எழுதுவது. வீட்டில் ஊஞ்சல் மாட்டும் கொக்கிகள் இருந்தால் அவையே போதும். விமானத்தின் மூக்கு கீழே பார்க்குமாறு, ஒரே நீளமுள்ள இரண்டு இணையான கயிறுகளில், எடைமையத்துக்கு இருபுறமும் சம தொலைவில் கட்டித் தொங்கவிட்டு, நிலைக்குத்து அச்சைச் சுற்றி லேசாக முறுக்கி விடுங்கள். ரோல் அச்சில்தான் அது திரும்பித் திரும்பி ஆடும். எடை, ஈர்ப்பு முடுக்கம், கயிறுகளுக்கு இடையேயான தொலைவின் இருமடி, அலைவு நேரத்தின் இருமடி ஆகிய நான்கையும் பெருக்கி, 16 மடங்கு பை இருமடியையும் கயிற்றின் நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 1.9 கிலோ விமானம், 60 சென்டிமீட்டர் இடைவெளி, 1.5 மீட்டர் கயிறு, ஓர் அலைவுக்கு 1.6 வினாடி என்று வந்தால் விடை ஏறக்குறைய 0.07 கிலோகிராம் மீட்டர் இருமடி. ஜேஎஸ்பிசிம் கோப்பில் அலகைக் குறிப்பிட மறந்துவிடாதீர்கள். குறிப்பிடாவிட்டால் அது ஸ்லக், அடி என்று எடுத்துக்கொள்ளும்.

மற்றொன்று தாமதம். ஜேஎஸ்பிசிமில் சர்வோவைக் குறிக்கும் ஆக்சுவேட்டர் உறுப்பில் பிந்தல் (லேக்), வேக வரம்பு, ஹிஸ்டெரிசிஸ் (இணைப்புத் தளர்வு போன்ற பின்தங்கல்) எல்லாவற்றையும் எழுதலாம். சாதாரண சர்வோவுக்குக் கட்டளை 20 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் போகிறது. அதோடு சர்வோ நகரும் நேரமும் கைரோ வடிகட்டியின் தாமதமும் சேர்ந்து 60 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு மூன்று அலைவில் அது 65 டிகிரி பின்னடைவு. இவர்களது இறக்கை அந்த இடத்தில்தான் படபடக்கிறது. தாமதமே இல்லாத சிமுலேட்டரில் பியை எவ்வளவு ஏற்றினாலும் அது பொறுத்துக்கொள்ளும். அந்தத் தாராளத்தைத்தான் நம்பக் கூடாது. காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்ஐடிஎல்லில் காற்றின் வேகம், திசை, கொந்தளிப்பு மூன்றுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 40 டிகிரி வெப்பத்தில் வேலூர்க் காற்றின் அடர்த்தி, சிமுலேட்டர் இயல்பாக எடுத்துக்கொள்ளும் கடல்மட்டக் காற்றைவிடப் பத்து விழுக்காடு குறைவு. பிட்டாட் 16 என்று காட்டும்போது உண்மையான வேகம் 17-ஐ நெருங்கியிருக்கும். பாறைக் குன்றுகளைச் சுற்றிப் பத்து மணிக்குமேல் எழும் வெப்பக் காற்றில் டெக்ஸை டியூன் செய்ய உட்கார்ந்தால் காற்றின் ஏற்ற இறக்கத்தைத்தான் டியூன் செய்துகொண்டிருப்பீர்கள். விடியற்காலையில் முடித்துவிடுங்கள். லத்தேரி நிலம் அப்துல்லாபுரம் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்கும் விமான நிலையம் ஒன்றின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலத்தின் (முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய வான்பகுதியின்) உயரம் 400 அடியன்று, 200 அடிதான்.

காட்பாடிக் கழுகு:

இருவருக்கும் மிக்க நன்றி. இடது ஏலெரானின் கம்பித் துளை தேய்ந்திருந்தது. சர்வோ கையை மாற்றிவிட்டோம். ரேட் லூப்பை ஐயா சொன்ன வரிசையில் செய்தபோது பியின் மதிப்பு சிமுலேட்டரில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்து நின்றது, படபடப்பு போய்விட்டது. டைம் கான்ஸ்டன்ட் 0.5, எல்1 பீரியட் 15. நேர்கோட்டில் நெளிவு இல்லை. உச்ச ஏறுவேகத்தை அளந்தால் 3.8 வந்தது, 3.5 என்று எழுதியபின் உயரம் இரண்டு மீட்டருக்குள் நிற்கிறது.

ஒன்று மட்டும் மீதியிருக்கிறது. மேற்கிலிருந்து காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீசும்போது, காற்றோடு கிழக்கே வந்து திரும்பும் மூலையில் மட்டும் கோட்டைத் தாண்டி அகலமாகப் போய்த் திரும்புகிறது. எதிர்க்காற்றில் திரும்பும் மூலையில் அப்படி இல்லை. ரோல் வரம்பு 35 டிகிரி. பீரியடை இன்னும் குறைக்கலாமா?

சேண்பாக்கத்தார்:

பீரியடைத் தொடாதீர்கள் தம்பி. நேர்கோடு நன்றாக இருக்கும்போது அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இது டியூனிங் குறையன்று, வடிவக்கணக்கு. திரும்பும் வீதத்தைத் தீர்மானிப்பது காற்றுவேகமும் சாய்கோணமும். 16 மீட்டர் வேகத்தில் 35 டிகிரி சாய்ந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 25 டிகிரி திரும்பும். தரையில் அந்த வளைவு எவ்வளவு அகலமாகும் என்பது தரைவேகத்தைப் பொறுத்தது. பின்காற்றில் தரைவேகம் 21. வளைவின் ஆரம் 49 மீட்டர். எதிர்க்காற்றில் தரைவேகம் 11. ஆரம் 26 மீட்டர். லாகில் அந்த மூலையில் கேட்ட ரோல் 35-லேயே தட்டையாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

வரம்பை 45 டிகிரிக்கு உயர்த்தினால் பின்காற்று ஆரம் 34 மீட்டராகும். ஆனால் 45 டிகிரியில் இறக்கை சுமக்கும் பளு 1.41 மடங்கு, ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) 19 விழுக்காடு உயரும். உங்கள் விமானம் நேராகப் பறக்கையில் 10-இல் ஸ்டால் ஆகிறது என்றால் திருப்பத்தில் 12-க்குச் சற்றுக் கீழேயே ஆகிவிடும்; குறைந்தபட்சக் காற்றுவேகத்தை 12 என்று வைத்திருந்தால் 13-க்கு ஏற்றிவிட்டுத்தான் வரம்பைத் தொட வேண்டும். திருப்பத்தில் உயரம் விழுந்தால், ரோலுக்கேற்ப த்ராட்டில் கூட்டும் டெக்ஸ் அளவு இயல்பில் 10. அதை 15-க்கு உயர்த்திப் பாருங்கள். இவற்றைச் செய்ய மனமில்லையென்றால் அந்தக் கிழக்கு மூலையின் வழிப்புள்ளியை இருபது மீட்டர் உள்ளே தள்ளி வைத்தாலும் வேலை முடியும். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் செய்வேன்.